பெரிய படமும் அறுந்த பாவும்

காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்கள் முன்னால் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன், அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு வந்ததும் வீட்டிலும் தெருவிலும் உங்களை ஒரு கேள்வி கேட்பார்கள். ரவுடிக்கெல்லாம் எதற்கு மியூசியம்? என்னையும் கேட்டார்கள். ஐயம்பேட்டையில் எங்கள் சபையில் ஜெபம் முடிந்து வெளியே வரும்போது, என் நாத்தனார் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"இன்னா அண்ணி, கொலகாரன் படத்துக்குக் காவல் காக்கற வேலையாமே உனக்கு? ஜெபத்துக்கு வந்துட்டு நேரா அங்கதான் போறியா?"

நான் பைபிளை மார்போடு பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். எனக்குப் பதில் தெரியும், வாய்தான் வரவில்லை. இப்போது சொல்கிறேன். இந்தக் காட்சியகம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கொஞ்சம் அசந்தாலும் கெட்டுப்போகும். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் அந்தக் கும்பல் ஆட்டம் போட்ட காலம் உங்களில் பலருக்குத் தெரியாது. பட்டுக்கடை, தறி வீடு, லாரி செட்டு, எங்கே போனாலும் அவர்களுக்கு மாமூல் வைக்க வேண்டும். வைக்காத நெசவாளி வீட்டுக்குள் போவார்கள். ஆளைத் தொடமாட்டார்கள். தறியில் பூட்டியிருக்கிற பாவு நூலில் கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பாவு என்றால் சேலையின் நீளத்துக்கு ஓடுகிற நூல். இழை இழையாக ஆயிரக்கணக்கில் இருக்கும். பாதிச் சேலையில் அது அறுந்தால் அந்தச் சேலையும் போச்சு, அந்த வீட்டு அடுப்பும் போச்சு. ஆளுக்குக் காயம் இல்லையே, என்னத்தை எழுதுவது என்று போலீசும் திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சி எதிர்த்து நின்றவர்களை வெட்டியதும் உண்டு.

அந்தக் கும்பலின் தலைவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. செத்து வெகுகாலம் ஆகிறது. அவனை அடைத்து வைத்திருந்த பழைய கிளைச் சிறைதான் பிறகு காட்சியகம் ஆனது. சிறையில் நான் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தேன். காட்சியகம் ஆனதும் என்னையே கூடத்துக்குக் காவலாக நிறுத்தினார்கள். துடைப்பத்தையும் கையில் இருந்து வாங்கவில்லை.

ஆரம்பத்தில் எப்படி வைத்தார்கள் தெரியுமா? முன்கூடத்தின் நடுவில் ஒரு மேடை. மேடைமேல் அவனுடைய ஆள் உயரப் படம். மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். கீழேயிருந்து மேல்நோக்கி மஞ்சள் வெளிச்சம். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டியில் பளபளவென்று தேய்த்து வைத்த வீச்சரிவாள்கள். படத்தைச் சுற்றிக் கயிறு கட்டி வழி விட்டிருந்தார்கள். புதிதாகப் போட்ட பளிங்குத் தரை அழுக்காகும் என்று செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லிப் பலகை வேறு. வடிவமைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். பார்க்கிறவர்களுக்குப் பயம் வர வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெரியவர் வந்திருந்தார். எங்கோ ஒரு பெரிய காட்சியகத்தில் காவலாளியாக நின்று ஓய்வு பெற்றவர். நான் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அப்படியே இரும்மா. மூஞ்சி பொய் சொல்லும். கால் எங்க நிக்குது, எங்க நிக்காம போவுதுன்னு மட்டும் பாரு. நாம இன்னா காட்டிக்கினு இருக்கறோம்னு அப்ப தெரிஞ்சிடும்" என்றார்.

நான் காலைப் பார்த்தேன். வந்த கால்கள் எல்லாம் படத்தின் முன்னால் நின்றன. பிறகு இடப்பக்கமாக உள்ளே போய், பின்புறம் சுற்றி, வலப்பக்கமாக வெளியே வந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தக் கோயில் ஊர்க் காலுக்கு அது தானாக வரும். சிலர் திரும்பும்போது படத்துக்கு முதுகைக் காட்டாமல் இரண்டடி பின்னாலேயே நடந்தார்கள். பின்பக்க அறைகளுக்கு, அந்தக் கும்பலால் நொடித்துப்போனவர்களின் பொருள்களை வைத்திருந்த இடத்துக்கு, பத்தில் ஒரு கால்கூடப் போகவில்லை.

ஒருநாள் ஆந்திராவிலிருந்து கோயில் பார்க்க வந்த ஒரு கூட்டம் எங்கள் வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டது. முன்னால் வந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். என்னிடம் வந்து வலது கையைக் குழித்து நீட்டினார்.

"தீர்த்தம் லேதா அம்மா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"விபூதி?"

அதுவும் இல்லை என்றேன். அவர் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரிய மீசை. ஏ தேவுடு?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அப்போது அந்தப் பக்கம் வந்த எங்கள் காப்பாட்சியர் சார்தான், "தேவுடு இல்லம்மா, ரவுடி" என்றார். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்ட கையை முந்தானையில் துடைத்தார். கூட்டத்தில் ஒருவர், "ரவுடிக்கு எதுக்கய்யா இவ்வளவு லைட்டு?" என்று கேட்டபடி செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

சார் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எஸ்தரம்மா, அவங்க சரியாத்தான் புரிஞ்சிக்கினாங்க" என்றார். இதை மாற்ற வேண்டும் என்று மேலே எழுதினார். கூட்டம் நன்றாக வருகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தேவகியம்மா வந்தார்.

தேவகியம்மா, சபாபதி என்ற நெசவாளியின் மனைவி. மாமூல் தர மாட்டேன் என்று நின்றவர் சபாபதி. அவருடைய தறியிலும் கத்தி வைத்தார்கள். மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொள்ளாமல் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அதற்குப் பதிலாக அந்தத் தலைவன் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டான். சபாபதி ஜரிகையைத் திருடி விற்றுவிட்டு, கணக்குக் காட்ட முடியாமல் தன் பாவு நூலைத் தானே அறுத்துக்கொண்டான் என்று. வழக்கில் அவன் உள்ளே போனான். பேச்சு மட்டும் வெளியே நின்றுவிட்டது. எந்த முதலாளியும் சபாபதியை நம்பிப் பட்டு கொடுக்கவில்லை. கடைசிவரை அவர் நெய்யவே இல்லை.

அந்த அறுந்த சேலையைத் தேவகியம்மா வைத்திருந்தார். நெய்த பாதி மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. மீதிப் பாதி நூலாகத் தொங்கும். புருஷன் பேர் துலங்கட்டும் என்று காட்சியகத்துக்குக் கொடுத்தார். அது கடைசி அறையில், ஒரு மூலையில் இருந்தது.

அன்றைக்கு முன்கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் மீசையை முறுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவகியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நேராகச் சாரிடம் போனார்.

"என் பொருளக் குடுத்துடுங்க சார்."

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. மாத்தணும்னு கேட்டுக்கினுதான் இருக்கறேன்."

"அவன் உயிரோட இருக்கசொல்லோ நடுத்தெருவுல நின்னான். எங்க வூட்டுக்காரரு மூலையில குந்தினு இருந்தாரு. இங்கியும் அதேதானே வெச்சிருக்கீங்க? இதுக்கு என் வூட்டு பீரோவே போதும்."

சார் அடுத்த மாதம் ஒரு தேதியைச் சொல்லி, அதற்குள் மாறாவிட்டால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தத் தேதி அவனுடைய நினைவு நாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாளும் வந்தது. சாரைத் திடீரென்று சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். காலையில் தேவகியம்மா மஞ்சள் பையோடு வந்து, "சார் வரட்டும், குந்தினு இருக்கறேன்" என்று கடைசி அறையில் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் தெருமுனையில் பட்டாசு வெடித்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு கும்பல் வந்துகொண்டிருந்தது. முன்னால் அவனுடைய தம்பி மகன். பின்னால் ஒருவன் தோளில் பெரிய ரோஜா மாலை. இன்னொருவன் கையில் தட்டு, கற்பூரம்.

வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்தார். "எஸ்தரு, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று பின்பக்கமாகப் போய்விட்டார்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று கத்துவார்கள். எதிரே பட்டுக்கடைகள் ஷட்டரை இறக்கும். செத்துப்போனவனுக்காக ஊர் இன்னொரு முறை பயப்படும். அதைப் போனில் பிடித்து ஊரெல்லாம் காட்டுவார்கள். விட்டாலோ, மாலை விழும், கற்பூரம் எரியும். ஒருமுறை எரிந்துவிட்டால் அப்புறம் அது காட்சியகம் இல்லை, கோயில்தான். வருஷா வருஷம் வருவார்கள். உள்ளே அந்த அம்மாள் வேறு உட்கார்ந்திருக்கிறார்.

எதிர்த்துப் பேச என்னால் ஆகாது. எனக்குத் தெரிந்தது பக்கெட். ஃபினாயில் கலந்து வைத்திருந்த தண்ணீரை அப்படியே முன்கூடத்தில் கவிழ்த்தேன். பளிங்குத் தரை ஏரி மாதிரி ஆனது. துடைப்பத்தோடு வாசலில் நின்றுகொண்டேன்.

"வழுக்கும்பா. பின்வாசலா வாங்க" என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

தம்பி மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பெரியப்பாவப் பாக்க நாங்க பின்வாசலா வரணுமா?"

"காயற வரைக்கும்தாம்பா. விழுந்தீங்கன்னா என்னைத்தானே கேப்பாங்க."

கூட்டத்தில் ஒருவன், "ஜெயிலுக்குப் பின்வாசலா போறதுதாண்ணா நல்லது. முன்வாசலா போனா உள்ள வெச்சிடுவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் கால் பின்பக்கம் திரும்பியது.

பின்வாசலில் நுழைந்தால் முதலில் வருவது அந்தக் கடைசி அறைதான். சிறைக் கதவு குறுகல். நானும் உள்வழியாக அங்கே வந்துவிட்டேன். மாலைக்காரன் பக்கவாட்டில் நுழைந்தான். நடுவில் தேவகியம்மா. எழுந்திருக்கவில்லை.

"ஆயா, கொஞ்சம் வழிய வுடு" என்றான் தம்பி மகன்.

"எங்க போற?"

"பெரியப்பாவுக்கு மால போட."

"போடு. யாரு வேணாம்னா? இத பாத்துட்டுப் போய் போடு."

அவன் கண்ணாடிக்குள் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஓ, இதுவா? இது அந்தாளு தானே அறுத்துக்கினது. ஜரிகைய வித்துட்டுப் பழிய எங்க பெரியப்பா மேல போட்டாரு. ஊருக்கே தெரியும்."

 இவர்களை இந்த வழியாக அனுப்பியது நான்தானே. தேவகியம்மா குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பேச்சக் கட்டிவுட்டவனே உங்க பெரியப்பன்தான். நீ அப்ப பொறக்கவேயில்ல. அது கெடக்கட்டும். உங்ககூட வந்ததுல தறி வூட்டு ஆளு யாருனா இருக்கீங்களா?"

 மாலைக்காரன், தாடி வைத்த ஆள், "நான் இருக்கறேன்" என்றான்.

"உங்கப்பா நெய்றாரா?"

"நெய்றாரு."

"அப்ப நீயே சொல்லு. பாதிச் சேலையில எவனாச்சும் தன் தறியிலயே கத்தி வெப்பானா?"

அவன் தம்பி மகனைப் பார்த்தான். கண்ணாடிக்குள் தொங்கிய நூலைப் பார்த்தான். மாலையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"வெக்க மாட்டாங்கண்ணா. எங்கப்பா தறிகிட்ட பிளேடகூட எடுத்துக்கினு வர வுட மாட்டாரு. ஜரிகைய திருடணும்னா தனியா கட்டு இருக்குது, அத வித்துட்டுப் போவான். பாவ எதுக்குண்ணா அறுக்கணும்? அறுத்தா அவன் சோறுதானே போவும்?"

"டேய், நீ யாரு பக்கம்டா?"

"உன் பக்கம்தாண்ணா. மாலைய தூக்கிக்கினு வந்திருக்கேன் இல்ல? ஆயா கேட்டாங்க, சொன்னேன்."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தம்பி மகன் மாலையை அவன் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனான். ஈரத்தில் தத்தித் தத்தி நடந்து, மேடையில் ஏறி, மாலையைப் படத்தில் மாட்டினான். தட்டு வைத்திருந்தவன் கற்பூரத்தை எடுக்கவில்லை. யாரும் போனை நீட்டவில்லை. முன்வாசல் வழியாகவே போய்விட்டார்கள். தாடிக்காரன் கடைசியாகப் போனான், போகும்போது கண்ணாடிப் பக்கம் இன்னொரு முறை திரும்பினான்.

காப்பாட்சியர் கையெழுத்து இல்லாமல் கண்ணாடியைத் திறக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் அந்த விதியை மீறக் கூடாது. நான் மீறினேன். ஒப்புக்கொண்ட தேதி அது. அந்த அம்மாளை அதற்குமேல் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. இடுப்பிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்து, "உங்க பொருளும்மா. எடுத்துக்கினு போங்க" என்றேன்.

அவர் அறுந்த நூலைக் கையால் கோதினார், தலைமுடியைக் கோதுகிற மாதிரி. மஞ்சள் பை மடியிலேயே இருந்தது.

"எடுத்துக்கினு போய் பீரோவுல பூட்டிட்டா, அவன் தம்பி மவன் சொன்ன பேச்சுதான் ஊருல நிக்கும் இல்ல?"

அவர் நூலிலிருந்து கையை எடுத்தார்.

"இங்கியே இருக்கட்டும். மூலையில வேணாம். அவன அங்கேர்ந்து எறக்கு."

"நானாம்மா?"

"பின்ன நானா? எனக்கு முட்டி வலி."

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "டீ ஆச்சாண்ணா? அந்தப் பக்கம் புடிங்க" என்றேன். நான் ஒருவரிடம் அப்படிப் பேசியது அன்றுதான். மாலையோடு சேர்த்துப் படத்தை இறக்கிச் சுவரோரம் சாய்த்தோம். விளக்கு வெறும் மேடைமேல் எரிந்தது.

சாயந்தரம் சார் வந்தார். "யாரு எறக்கினது?"

"நான்தான் சார்."

"மேல கேட்டா இன்னா சொல்றது?"

"தரை ஈரம் சார். படம் நனைஞ்சிடும்னு எறக்கினேன்."

அவர் காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தார். "எப்ப காயும்?"

"காயாது சார்."

அவர் அதைத் திரும்ப மாட்டச் சொல்லவில்லை. மேலே எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்டதில்லை. இப்போது நீங்கள் பார்க்கிற ஒழுங்கு அதற்குப் பிறகு வந்தது. நடு மேடையில் சேலை, பக்கத்தில் பெரிய எழுத்தில் சபாபதி, நெசவாளர் என்ற பெயர், அவர் கோர்ட்டில் சொன்ன சாட்சி. சுற்றிவரும் வழியை எடுத்துவிட்டார்கள். வாசல் பலகையும் போனது. செருப்போடு வரலாம், நாம் துடைத்துக்கொள்வோம். அரிவாள்களில் ஒன்று மட்டும் இருக்கிறது, தேய்க்காமல், துருவோடு.

அவனையும் எடுத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அது கூடாது. அவனைக் காட்டாவிட்டால் ஆளாளுக்கு மனதில் ஒரு மீசையை வரைந்துகொள்வார்கள். அதனால்தான் பக்கச் சுவரில் போலீஸ் எடுத்த படம் இருக்கிறது. லுங்கி, கலைந்த தலை, கையில் எண் எழுதிய பலகை. உள்ளங்கை அகலம்தான். கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.

கூட்டம் குறைந்தது. அதற்காகப் பயப்படாதீர்கள். மெயின் பீஸ் எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டவர்களும் உண்டு. நீங்கள் கேள்விகளைக் கவனித்தால் போதும். முன்பெல்லாம் எத்தனை கொலை, எவ்வளவு சொத்து, இந்த அரிவாளைத் தொடலாமா என்று கேட்பார்கள். இப்போது வருகிறவர்கள், அவர் அப்புறம் நெய்தாரா என்று கேட்கிறார்கள். நெய்யவில்லை என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்க வேண்டாம். அந்த இடத்தில் அவர்கள் சும்மா நிற்பார்கள், நிற்க விடுங்கள்.

தேவகியம்மா முடிந்தபோதெல்லாம் வந்து சேலைக்கு எதிரே பெஞ்சில் உட்காருவார். கேட்டவர்களுக்கு மட்டும் சொல்வார். நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, மறுபடியும் அவனுடைய நினைவு நாள் வந்தது. பட்டாசு வெடிக்கவில்லை. தம்பி மகன் தனியாக வந்து டிக்கெட் வாங்கினான். பக்கச் சுவருக்குப் போய்க் குனிந்து பார்த்தான். பிறகு நடுமேடைக்கு வந்து எழுதியிருந்ததை முழுதும் படித்தான். முடித்த பிறகும் போகாமல் நின்றான். பெஞ்சில் இருந்த தேவகியம்மா அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாடா, மால எங்க?"

"கொண்டாரல ஆயா."

அவர் மடியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"அப்ப குந்து."